கார்டில் இல்லாத பேர்

அத்தியாயம் 9

அந்தக் கார்டு வந்து எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் அது சாமி படத்துக்குப் பின்னால் இருந்த நேரம் கொஞ்சம். துளசிங்கத்தின் கையில் இருந்த நேரம்தான் அதிகம்.

பொதட்டூர்பேட்டையில் அவர் தெருவில் அதைப் பார்க்காத வீடு கிடையாது. தறியில் உட்கார்ந்திருந்தவர்களைக்கூட எழுப்பிக் காட்டியாயிற்று.

"திருத்தணி மாதர் சங்கத்துல மரியாத பண்றாங்க. பேரு போட்டு அச்சடிச்சிக்கிறாங்க, பாரு" என்று விரலை வைப்பார். விரலுக்கு அடுத்து 'துளசிங்கம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு முன்னால் இருக்கிற 'ஸ்ரீமதி'யை அந்த விரலே மறைத்துவிடும்.

"மாதர் சங்கத்துல ஆம்பளைக்கு இன்னா மரியாத?" என்று ஒருவன் கேட்டான்.

"நடத்தறது பொம்பளைங்க. மரியாத யாருக்கு வேணா பண்லாம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டார்.

பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர். 'ஸ்ரீ' என்று ஆரம்பித்ததும் பக்கத்திலேயே தன் பேர் கண்ணில் பட்டுவிட்டது. நடுவில் கிடந்த இரண்டு எழுத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். எட்டாவது வரை படித்த மகள் வசந்தி கார்டு வந்த அன்றே அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுப்படியில் இருந்த அம்மா குப்பம்மாளிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, இது நைனாவுக்கு இல்ல, உனுக்கு. சித்திரம், அலங்காரம் இதுல எல்லாம் தேர்ந்த மூணு பொம்பளைங்களுக்கு மரியாதையாம். பட்டணத்துச் சித்திரப் பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு படிக்கிறதுக்கு உபகாரச் சம்பளம்னு சொன்னேனே, டிக்கெட் வித்து வர்றதெல்லாம் அதுக்குத்தானாம். மொத வருசம் அது உன் பேர்லதான்மா!"

"என் பேர்லயா? எங்க, படி."

வசந்தி படித்தாள். "ஸ்ரீமதி துளசிங்கம். கைலிக் கட்டங்கள்."

குப்பம்மாளுக்கு அடுப்பில் இருந்ததை இறக்கத் தோன்றவில்லை. மரியாதை அவளுக்குத்தான். பேர் மட்டும் அவளுடையது இல்லை.

"நைனா கிட்ட சொல்லிடட்டா?"

"வேணாம்" என்று மகளின் வாயைப் பொத்தினாள். "இப்பத்திக்கு வேணாம்."

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும் நூலுக்குக் கண்ட்ரோல் போகவில்லை. தறி பாதி நாள் சும்மா கிடந்தது. நெய்கிற மனிதன் நெய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதைவிடக் கொடுமை கிடையாது. மாதக்கணக்கில் குனிந்திருந்த துளசிங்கத்தின் தலை இந்தக் கார்டு வந்த பிறகுதான் நிமிர்ந்தது. அதை அவள் எந்த வாயால் குனிய வைப்பாள்?

ஆனால் அவளுக்கும் ஆசை இருந்தது. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த வீட்டுக் கைலிகளுக்குக் கட்டம் போடுகிறவள் அவள்தான். காகிதத்தில் வரைய அவளுக்குத் தெரியாது. விரல் அகலத்துக்கு ஓர் அட்டைத் துண்டு எடுத்து, வர்ண நூல்களை அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுவாள். ஆறு இழை சிவப்பு, இரண்டு கறுப்பு, நாலு கத்திரிப்பூ, திரும்ப ஒரே ஓர் இழை மஞ்சள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் துளசிங்கம் தறிக்குப் பாவு போடுவார். கைலி சந்தைக்குப் போகும். ரங்கூன் வரைக்கும்கூடப் போயிற்று. போன இடமெல்லாம் அதற்கு ஒரே பேர், 'துளசிங்கம் கட்டம்'.

அவள் பேரைச் சொல்லத்தான் யாரும் இல்லை. துளசிங்கத்துக்கு அவள் 'ந்தா', இல்லாவிட்டால் 'வசந்தி அம்மா'. தெருவுக்குத் துளசிங்கம் வீட்டுக்காரி. ஒன்பது வருஷத்துக்கு முன் கண்ணை மூடிய அம்மாதான் கடைசியாகக் 'குப்பம்மா' என்று கூப்பிட்டவள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று, அவள் பிறந்ததும் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டு, ஒரு படி தவிட்டுக்கு அடுத்த வீட்டுக்காரியிடமிருந்து திரும்ப வாங்கி வைத்த பேர் அது. எமனை ஏமாற்ற வைத்த பேர். கேட்பவர்கள் சிரிக்கலாம். அவளுக்கு அது தன்னை இந்த உலகத்தில் பிடித்து வைத்த பேர். ஒரு தடவையாவது யாராவது அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கினாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை திருத்தணிக்குப் புறப்பட்டபோது அவள் மனசு இரண்டாகக் கிடந்தது.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் இருமிக்கொண்டே கிளம்பியது. துளசிங்கம் வெளுத்த வேட்டியும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சரிகை அங்கவஸ்திரமுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் வசந்தி, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி. அந்தப் பையில் அவள் வரைந்த சித்திரங்கள் இருந்தன. உபகாரச் சம்பளத்துக்கு அவள் மனுப் போட்டதும், மனுவோடு அம்மாவின் நூல் அட்டைகளைச் சேர்த்து அனுப்பியதும், தாயார் கைநாட்டு என்ற இடத்தில் குப்பம்மாள் கட்டைவிரலை வைத்ததும் துளசிங்கத்துக்குத் தெரியாது. தை மாசம் தன் அக்காள் மகன் கங்காதரனுக்கு வசந்தியைக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ந்தா" என்று துளசிங்கம் மெல்லக் கூப்பிட்டார். "மேடையில பேசச் சொன்னா இன்னா பேசறது?"

"உனுக்குத் தெரியாதா பாவா?"

"நெசவு பத்திக் கேட்டா தெரியும். கட்டம் எப்பிடித் தோணுதுன்னு கேட்டா? அது எப்பிடித்தான் தோணுது உனுக்கு?"

இருபத்துநாலு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான். குப்பம்மாள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"தோ பாரு. கொல்லியில கேவரு பச்சையா நிக்குது. நடுவுல செம்மண் வரப்பு. அப்பால மலை கத்திரிப்பூ மாதிரி கெடக்குது. வரப்பு இல்லன்னா அந்தப் பச்சையும் மலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அந்த வரப்பத்தான் நான் நாலு இழ சேப்பா வெச்சிக்குவேன்."

"வரப்பு இல்லன்னா ஒட்டாது" என்று அவர் மனப்பாடம் செய்தார். "நாலு இழ சேப்பு. ஆங், இத சொல்லிட்றேன்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. வீட்டில் விளைந்தது வீட்டுத் தலைவன் பேரில் போகிறது, அவ்வளவுதான் அவருக்கு. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை சொல்ல அது நல்ல சமயம். அவள் சொல்லவில்லை.

திருத்தணியில் இறங்கியதும் துளசிங்கம் தாடையைத் தடவிக்கொண்டார். "மேடையில ஏறப்போறோம், ஒரு சவரம் பண்ணிகினு வந்துட்றேன். நீங்க போய்கினே இருங்க."

மலையடிவாரத்துச் சத்திரத்தில்தான் விழா. பதினைந்தாம் தேதி சுதந்திரத்துக்குக் கட்டிய மூவர்ணக் காகிதத் தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. மனுப் போட்ட பெண்களுக்குப் பக்கவாட்டு வழி என்று எழுதியிருந்தது. நைனா வருவதற்குள் வசந்தி அந்த வழியாக உள்ளே நழுவினாள். குப்பம்மாள் மட்டும் பெரிய வாசலுக்கு வந்தாள்.

வாசலில் மேஜை போட்டு சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். பட்டணத்துக் காலேஜில் படிக்கிற பெண், லீவுக்கு வந்த இடத்தில் சங்கத்துக்குத் தொண்டு. கையில் பேர்கள் எழுதிய தாள்.

"உங்க பேர் என்னம்மா?"

"குப்பம்மா."

சுலோச்சனா தாளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படிப் பேர் இல்லையே. டிக்கெட் இருக்கா?"

"டிக்கெட்டு இல்ல கண்ணு. மரியாத பண்றேன்னு கூப்பிட்டாங்க."

"மரியாதை மூணு பேருக்குத்தான். பட்டணத்துச் சித்திரக்கார அம்மா வந்தாச்சு. தெப்பத்துக்குப் பூ அலங்காரம் போடற ஞானாம்பாளும் வந்தாச்சு. இன்னொருத்தர்தான் பாக்கி. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க, பார்க்கிறேன்."

போச்சு. புருஷன் பேரைச் சொல்ல அவளுக்கு வாய் வருமா? அது பழக்கமில்லை. எழுதித் தரவும் தெரியாது. கார்டு அவர் மடியில் இருந்தது.

"பெருமாளுக்கு மால கட்டுவாங்களே கண்ணு. பச்சையா இருக்கும், வாசனையா."

"மருக்கொழுந்தா?"

"அது இல்ல. தீர்த்தத்துல போடுவாங்களே."

"துளசியா? துளசி அம்மாளா?"

"பாதி சரி. மிச்சம் காட்டுல இருக்கும். ராசா மாதிரி இருக்கும். பிடரி இருக்கும்."

"குதிரையா?" என்றாள் சுலோச்சனா. பின்னால் நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள். குப்பம்மாளுக்கும் அந்த நிலைமையில் சிரிப்பு வந்தது.

"துளசிங்கங்க!" என்று ஒரு குரல் வந்து சேர்ந்தது. பளபளவென்று சவரம் பண்ணிய முகத்தோடு, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு அவரே நின்றார். "நான்தாங்க துளசிங்கம். மரியாத எனுக்குத்தான்."

சுலோச்சனா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பாவம் எதுவும் தெரியாது. "ஸ்ரீமதி துளசிங்கம்னு போட்டிருக்கு. அது உங்க சம்சாரம்தானே? மரியாதை அவங்களுக்குத்தான்."

துளசிங்கம் மடியிலிருந்து கார்டை எடுத்தார். விரலை நகர்த்தி வைத்துக் கூட்டினார். "ஸ்ரீ... ம... தி."

குப்பம்மாளுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

"உனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் பாவா."

"எட்டு நாளாவா?"

"ஆங்."

"எட்டு நாளா ஊர்ல என்னக் கூத்தாட உட்டுட்டு வேடிக்க பாத்துகினு இருந்தியா?"

"நீ சந்தோசமா இருந்தே பாவா. அதத்தான் பாத்துகினு இருந்தேன்."

அவர் அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து எடுத்து மடித்து அவள் கையில் வைத்தார். திரும்பிச் சரவணப் பொய்கைப் பக்கமாக நடந்தார். குனிந்த தலை திரும்பவும் வந்துவிட்டது.

"நேரமாச்சும்மா" என்றாள் சுலோச்சனா.

புருஷன் பின்னால் ஓடியிருக்கலாம். மரியாதையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குப்பம்மாள் உள்ளே போனாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள். எத்தனை வருஷத்து ஆசை அது!

மேடைக்கு முன்னால் ஒரு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அவளுடைய நூல் அட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வீட்டுக் கூரை எரவாணத்தில் செருகிக் கிடந்தவை. அவற்றைச் சுற்றி ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள். பட்டணத்துச் சித்திரக்கார அம்மாள் ஒலிபெருக்கியில் பேசினார்.

"நான் பதினெட்டு வருஷமா வர்ணம் குழைக்கிறேன். இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் இந்தக் கத்திரிப்பூவை வைக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. இதை வைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் வந்தேன்."

பெண்கள் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த குப்பம்மாளுக்குக் கண் கலங்கியது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லையே என்றும் இருந்தது.

ஞானாம்பாளுக்குச் சால்வை போட்டார்கள். அடுத்தாற்போல் சங்கத் தலைவி கௌரியம்மாள், டாக்டரின் மனைவி, ஒலிபெருக்கி முன் வந்தார்.

"ஸ்ரீமதி துளசிங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

குப்பம்மாள் எழுந்திருக்கவில்லை.

"ஸ்ரீமதி துளசிங்கம் அவர்கள்!"

அவளால் முடியவில்லை. அந்தப் பேருக்குரியவர் பொய்கைப் படியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். வாசலில் ஒரு தடவை அதை அவரிடமிருந்து பறித்தாயிற்று. இப்போது அதே பேருக்கு எழுந்து போய்ச் சால்வையும் வாங்கினால் அது எந்த ஊர் நியாயம்? மடியில் கிடந்த அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வரவில்லையா?" என்று கௌரியம்மாள் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் முணுமுணுத்தது. அவர் தாளைப் புரட்டப் போனார்.

"குப்பம்மா!"

வாசல் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். அவள் திரும்பவில்லை. திரும்பினால் பொய்யாகிவிடுமோ என்று பயந்தாள்.

"ஏ குப்பம்மா! எயுந்து போ. உன்னத்தான் கூப்புட்றாங்க."

முன்வரிசையில் ஒரு பட்டுப்புடவை "குப்பையா?" என்று சிரித்தது. சிரிப்பு நாலைந்து பாய்களுக்குப் பரவியது. குப்பம்மாள் இப்போது திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் துளசிங்கம் நின்றார். முழங்கால் வரை வேட்டி ஈரம்; ஒலிபெருக்கிச் சத்தம் பொய்கைப் படி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். பள்ளிப்பட்டிலிருந்து மாமனுக்கு மரியாதை நடப்பதைப் பார்க்க வந்த கங்காதரன் அவர் பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நின்றான்.

துளசிங்கம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அதுதாங்க அவ பேரு. துளசிங்கம்ன்றது நானு. நான் நெய்யறவன். கட்டம் அவள்து. வரப்பு இல்லன்னா பச்சையும் மலையும் ஒட்டாதுன்னு கண்டவ அவதான். கார்டுல தப்பாப் போட்டுக்கிறீங்க. மாத்திகினா புண்ணியமாப் பூடும்."

பட்டுப்புடவை தலையைக் குனிந்துகொண்டது.

குப்பம்மாள் எழுந்தாள். எப்படி நடந்தாள், எத்தனை படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. காதில் அந்த ஒரு குரல்தான் இருந்தது. அம்மா போனபிறகு யாரும் சொல்லாத பேரை, சொல்லவே மாட்டார் என்று அவள் நினைத்திருந்தவர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

மேடையில் கௌரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்குக் கேட்காமல் சொன்னார். "உங்க பொண்ணு மனுவில் சரியாத்தான் எழுதியிருந்தா. அந்தப் பேரைக் கார்டில் போட்டால் நன்றாயிருக்காதேன்னு நான்தான் மாத்தினேன். மரியாதையா இருக்கட்டும்னு நினைச்சேன். தப்பும்மா."

"எங்கம்மா வெச்ச பேருங்க" என்றாள் குப்பம்மாள். கோபமாகச் சொல்லவில்லை.

கௌரியம்மாள் பெரிய நோட்டைத் திறந்து, ஒரு வரியை அடித்து, மேலே எழுதினார். பிறகு ஒலிபெருக்கியில் வாசித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் வருஷத்துக் குப்பம்மாள் உபகாரச் சம்பளம்."

கைத்தட்டல் எழுந்தது. வாசலில் கங்காதரனும் தட்டினான். துளசிங்கம் தட்டவில்லை. கார்டை ஊருக்குக் காட்டித் திரிந்த எட்டு நாளும் எப்படித் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தாரோ, அப்படியே நின்றார். இந்த நிமிஷம் இப்படியே நின்றுவிடக் கூடாதா என்று குப்பம்மாள் ஏங்கினாள்.

அப்போதுதான் கௌரியம்மாள் ஒட்டிய கவர் ஒன்றைப் பிரித்தார். குப்பம்மாளுக்குச் சுரீரென்றது. தன் பேர் கேட்ட சந்தோஷத்தில் மகளை மறந்தே போயிருந்தாள்.

"மனுக்களில் பேரை மறைத்து, சித்திரங்களை மட்டும் பார்த்துப் பட்டணத்து அம்மாள் தேர்ந்தெடுத்த பெண், பொதட்டூர்பேட்டை வசந்தி!"

பக்கவாட்டு வழியிலிருந்து வசந்தி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வாசலில் கங்காதரனின் கைகள் தட்டுவதை நிறுத்தின. அவன் மாமனைப் பார்த்தான். மாமன் மேடையைப் பார்த்தார்.

பிறகு துளசிங்கம் நடக்க ஆரம்பித்தார். பாய்களுக்கு நடுவே, வழி விட்டவர்களைக் கவனிக்காமல், மேடையை நோக்கி வந்தார். முகத்தில் இருப்பது கோபமா வேறு ஏதாவதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. பாதி வழியில் நின்று அவளைப் பார்த்து எதையோ சொல்லிக் கூப்பிட்டார். உதடு அசைந்தது தெரிந்தது.

'ந்தா' என்றாரா, 'குப்பம்மா' என்றாரா? சத்திரம் முழுவதும் கைதட்டிக்கொண்டிருந்தது. அவள் காதில் விழவில்லை.